பச்சையப் போடு!

நிர்வாகம் என்பது முழுக்க முழுக்கத் தொண்டை சம்பந்தப்பட்ட விஷயம். மூளை, படிப்பு, அனுபவம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைப் பத்தொன்பது வருடங்களாகக் கட்டி மேய்த்துவரும் மேற்பார்வையாளரின் கண்டுபிடிப்பு இது. துவைக்க ஆறு மெஷின், உலர்த்த நான்கு மெஷின், விரிப்புகளுக்கு இஸ்திரி போட ஒரு ராட்சத ரோலர். அத்தனையும் ஒன்றாக உறுமினாலும் தன் குரல் மேலே மிதந்து போய்ச் சேரும் என்று அவர் நம்பினார். பணியாளர்கள் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் விருதாக எடுத்துக்கொண்டார்.

ஆகவே, பயிற்சி மையத்து மேடம் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துவந்து, "இவங்களுக்குக் காது கேக்காது சார்" என்றபோது, அவர் தொழில்முறை ஆர்வத்துடன் விசாரித்தார்.

"எவ்வளவு சத்தத்துல கேக்காது?"

"எவ்வளவு சத்தத்துலயும் கேக்காது."

"நான் கூப்பிட்டாகூடவா?"

மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். "ஒரு மாசம் வேலை அனுபவம் சார். கடைசியில நீங்க கையெழுத்துப் போட்டா நிரந்தர வேலை. இதுக்கு முன்னாடி மூணு எடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. மடிக்கிறது, பிரிக்கிறது, மெஷின் நம்பர் எல்லாம் முறையா கத்துக்கிட்டு வந்திருக்காங்க. நீங்க கையால பேசினா போதும்."

"கைய ஆட்டி ஆட்டிப் பேச, இது என்ன கொசு விரட்டுற டிபார்ட்மென்டா?" என்றார் மேற்பார்வையாளர்.

பெண் அவர் வாயையே கூர்ந்து பார்த்தாள். பிறகு கட்டை விரலையும் மற்ற விரல்களையும் வாத்தின் அலகுபோல் படபடவென்று திறந்து மூடினாள்.

"அது என்ன?"

"உங்களுக்குப் பேரு வச்சிருக்காங்க சார். எல்லாருக்கும் ஒரு கைப்பேரு வைப்பாங்க."

"பரவால்லையே, கம்பீரமாத்தான் இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

முதல் வாரம் அவர் வழக்கமான குரலில் கூப்பிட்டார். பெண் திரும்பவில்லை. குரலை உயர்த்தினார். மற்ற ஒன்பது பேரும் திரும்பினார்கள். இரண்டு பேர் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். அவள் திரும்பவில்லை.

அடுத்து ஒரு துண்டைச் சுருட்டி அவளை நோக்கி வீசினார். அவள் அதைப் பிடித்து, மூன்றாக மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்த அடுக்கை ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் ஓரம் பிசகியிருக்காது.

அதற்கடுத்து ஒரு விசில் வாங்கினார். சலவைக்கூடத்தில் விசில் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம் என்பதை, எல்லா மெஷின்களும் நின்று, எல்லாரும் வாசலுக்கு ஓடிய பிறகுதான் யோசித்தார். அரை மணி நேரம் போயிற்று. பெண் மட்டும் தன் இடத்தில் நின்று தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இனிமே சீட்டுல எழுதிக் குடுத்துடறேன்" என்று முடிவு செய்தார். முதல் சீட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. வேலை முடிந்திருந்தது. இரண்டு எழுத்துப்பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன.

வாராந்தர அறிக்கையில் 'சிரமங்கள்' என்ற கட்டத்தில் அவர் எழுதினார்: 'கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.'

"ரோலர்க்காரர் அண்ணனைப் பாருங்க மேடம்" என்று பயிற்சி மையத்து மேடத்திடம் நியாயம் கேட்டார். "அவர்தான் பணியாளர். நான் என்ன சொன்னாலும் 'சரிங்க சார்'னு தலையாட்டுவார். சில நேரம் நான் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவார். டீ மணி அடிச்சாகூடக் காதுல வாங்காம ரோலர்லயே நிப்பார். ரெண்டு வருஷமா சிறந்த பணியாளர் சான்றிதழ் அவருக்குத்தான்!"

ரோலர்க்காரர் தூரத்திலிருந்து, "சரிங்க சார்!" என்றார்.

இதற்குள் சாப்பாட்டு நேரத்தில் ரோலர்க்காரரும் பெண்ணும் கையால் பேசி வெளுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த வயதில் எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறார் என்று எல்லாருக்கும் ஆச்சரியம்.

நான்காவது வாரம், வியாழக்கிழமை. மறுநாள் பெரிய பெரிய அறுவை சிகிச்சைகள். டாக்டர்களின் பச்சை அங்கிகள் இருநூறு, மூன்றாம் நம்பர் மெஷினுக்குள் காத்திருந்தன. பச்சைத் துணிக்கு மெஷினில் நாலாம் நம்பர் ஓட்டத்தை அழுத்த வேண்டும். பத்தாம் நம்பர் என்பது வெள்ளைத் துணிக்கு மட்டும்: கொதிநீர், ப்ளீச். பச்சை உள்ளே போனால் பேயறைந்த நிறத்தில் வெளியே வரும்.

மூன்று வாரக் கத்தலில் மேற்பார்வையாளரின் குரல் ஏற்கெனவே ஓட்டை டயர்போல் ஆகியிருந்தது. இருந்ததையெல்லாம் திரட்டி, மெஷின்காரனைப் பார்த்துக் கூவினார்.

"அந்தப் பச்சையப் போடு!"

"பத்தப் போடவா சார்?"

"ஆமாய்யா, பச்சையப் போடு!"

மெஷின்காரன் பத்தைப் போட்டான்.

பதினைந்து அடி தள்ளித் துண்டு மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்குள் பச்சை. மேலே சிவப்பு எழுத்தில் பத்து. கையிலிருந்த துண்டை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே போட்டாள். இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடி, சிவப்புப் பொத்தானை ஒரே அறை. மெஷின் நின்றது. ப்ளீச் இறங்க இன்னும் பதினோரு விநாடி இருந்தது.

"பச்சையப் போடுன்னுதானடா சொன்னேன்?" மேற்பார்வையாளர் கத்தினார். கத்தினார் என்பது மரியாதைக்கு. காற்றுத்தான் வந்தது.

"பத்தப் போடுன்னு கேட்டுச்சு சார். எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாந்தடவ கேட்டா வாயக் கிழிச்சிடுவேன்னு போன மாசம் சொன்னீங்க. இருந்தும் துணிஞ்சு ஒரு தடவ கேட்டேனே!"

பெண் இருவர் முகத்துக்கும் நேரே நான்கு விரலைக் காட்டினாள். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டி, கூடாது என்று தலையை ஆட்டினாள். நாலுக்கும் பத்துக்கும் நடுவே ஆறு விரல் வித்தியாசம் இருப்பது மூன்றாம் நம்பர் மெஷின் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தெளிவாகப் புரிந்தது. அவள் நாலாம் நம்பரை அழுத்திவிட்டுத் திரும்பிப் போய், கீழே கிடந்த துண்டை எடுத்து, அதை அழுக்குக் கூடையில் சேர்த்தாள்.

அன்று சாயங்காலம் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட."

மேற்பார்வையாளர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

"மூடுங்க" என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை காலை இருநூறு பச்சை அங்கிகளும் பச்சையாகவே மாடிக்குப் போயின. மேடம் கடைசி அறிக்கையை வாங்க வந்தார். மேற்பார்வையாளர் கையெழுத்து ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். 'நிரந்தரமாக்குக' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். 'சிரமங்கள்' கட்டத்தில் ஒரே வரி: 'மேற்பார்வையாளர் கத்துகிறார்.'

பெண் அதைப் படித்தாள். 'கத்துகிறார்' என்பதை அடித்துவிட்டு 'கத்தினார்' என்று திருத்தினாள். சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள்.

மேற்பார்வையாளர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று ராத்திரி முழுக்க வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அவர் செய்த காரியத்தை மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "கொசுவா?" என்று கேட்டிருந்தாள்.

டீ மணி அடித்தது. எல்லாரும் கிளம்பினார்கள். ரோலர்க்காரர் வழக்கம்போல அசையவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மேற்பார்வையாளர் ரோலருக்கு எதிரே போய் நின்றார். கைக்கடிகாரத்தைத் தட்டினார். இல்லாத கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். ரோலர்க்காரரை நோக்கி ஒரு விரல், தன்னை நோக்கி ஒரு விரல், வாசலை நோக்கி ஒரு கை.

ரோலர்க்காரர் மெஷினை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காது போயி எட்டு வருஷமாச்சு சார். நீங்க டீக்குக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது இன்னைக்குத்தான்."