கிருமிக்குக் கஞ்சி

கிருமிக்குக் குளிருமா என்று யாரையாவது கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், அது தமக்குத் தெரியாது என்பது அம்பலமாகிவிடும். ஆகவே ராமலிங்கம் மார்கழி விடியலில் தம் தலையில் கட்டியிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குச் சுற்றிவிட்டு, வெறுந்தலையோடு அதன் முன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க இது? பாட்டிலுக்கா ஜொரம்?" என்றாள் மனைவி கோவிந்தம்மாள்.

"மெதுவா பேசு. உள்ளே கோடி உசிரு தூங்குது."

"கோடி உசிரா! நாத்தம் தாங்கல. அடுப்பு மூட்டப் போறேன், நவுருங்க."

ஆம்பூரில் பெர்ட்ராம் துரையின் தோல் பதனிடும் ஷாப்பில் ராமலிங்கம் இரண்டாம் குமாஸ்தா. ஹெட் குமாஸ்தா அப்துல் கரீம் சாயபு பொங்கலோடு வேலையை விடுகிறார். அந்த நாற்காலி ராமலிங்கத்துக்குத்தான் என்ற பேச்சை நம்பி, நாட்றம்பள்ளி ஆதிகேசவன் தம் மகனுக்கு இவருடைய பெண்ணைக் கேட்டிருந்தார். ஆதிகேசவனுக்கு நிலம் அதிகம், அதைவிட கௌரவம் அதிகம். இரண்டாம் குமாஸ்தா வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

டில்லி தர்பாரைப் பார்க்கப் புறப்பட்ட அன்று துரை அந்தப் பாட்டிலை ராமலிங்கத்தின் கையில் கொடுத்தார். பங்களாவில் வைத்தால் பட்லர் அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான் என்று பயம். சீமையிலிருந்து கப்பலில் வந்த கிருமி இது, வயிற்றில் குடியிருப்பது என்று துரை இங்கிலீஷில் விளக்கினார். வயிறு அதற்கு இடமும் தீனியும் கொடுக்கிறது, அது வயிற்றின் வேலையில் பாதியைச் செய்து கொடுக்கிறது, ஒன்றை விட்டு ஒன்று சுகப்படாது. வெதுவெதுப்பாக வைத்துத் தினம் ஒரு கரண்டி தவிட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டும். திரும்பி வரும்போது உயிரோடு இருந்தால் ஹெட் குமாஸ்தா வேலை. செத்திருந்தால் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கரீம் சாயபு வாசல் வரை கூடவே வந்தார். "முதலியாரே, அது எதுக்குன்னு உங்களுக்கு..."

"எல்லாம் தெரியும் சாயபு."

"தெரிஞ்சா நல்லது."

தெரியும்தான். ஐரோப்பாவில் ஒரு பண்டிதர், புளித்த பாலில் இருக்கும் கிருமிகளை விழுங்கினால் நூறு வயது தாண்டலாம் என்று சொல்வதாக ராமலிங்கம் பத்திரிகையில் பாதி படித்திருந்தார். மறுபாதி, வடை மடித்து வந்த காகிதத்தில் இல்லை. துரைக்கோ தீராத அஜீரணம். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒரு குமாஸ்தாவுக்கா தெரியாது?

ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போனால் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு, தோலை அலசும் ஆட்களைப் பார்த்து "தள்ளி நில்லு, தள்ளி" என்று சொல்லுகிறவர் அவர். அப்படிப்பட்டவர் இந்தப் பாட்டிலின் வாயைத் திறந்து, மூச்சை ஆழ இழுத்து, "சீமை வாசனை" என்றார்.

கம்பளித் துண்டு போதவில்லை என்று தோன்றியது. பாட்டிலை அடுப்போரம் வைத்தார். கோடி உயிர்களும் விழித்துக்கொண்டன. நடுப்பகலில் தக்கை பறந்துபோய்க் கூரை ஓட்டில் இடித்தது. நுரை பொங்கி, வடித்து வைத்திருந்த சோற்றில் விழுந்தது. வாடை தெருவுக்குப் போயிற்று. தோல் ஊறுகிற ஊரில் பிறந்து வளர்ந்த மூக்குகள் எதற்கும் சுளிக்காதவை; அவையும் சுளித்தன.

பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் வந்து நின்றாள். "பரண்ல எலி கிலி செத்துக் கிடக்குதா பாருங்கம்மா."

"எலி சாவலடி. எங்கூட்டுக்காரரு கிருமி வளக்கறாரு."

"ஐயோ, ஆட்டுக்குட்டி எதனா வளக்கக்கூடாதா?"

பொங்காமல் இருக்கட்டும் என்று ராமலிங்கம் கஞ்சியை நிறுத்தினார். பாட்டில் அடங்கியது. அடங்கியதும் அவருக்குச் சந்தேகம், பட்டினியில் செத்திருந்தால்? காதை வைத்துக் கேட்டார். குலுக்கினார். பிறகு ஊற்றாமல் விட்ட கஞ்சிக்கெல்லாம் சேர்த்து, வெல்லமும் கரைத்து ஊற்றினார். பாட்டில் மறுபடி கொதித்து, இந்தத் தடவை பச்சையாக ஏதோ மிதந்தது.

வெளியில் வைத்துக் காப்பாற்றுவது வீண் என்று அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. வயிற்றில் வாழ்வதை வயிற்றில் வைக்காமல் பாட்டிலில் வைத்தால் அது எப்படிச் சுகப்படும்? பாட்டில் உடையலாம். ராமலிங்கம் உடைய மாட்டார். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று ஒரு டம்ளர் குடித்தார்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"இது தோஸ்து மாதிரிடி. உள்ளே குடியிருந்து நமக்கு வேலை செய்யும். நாம சோறு போடணும். அவ்ளோதான்."

"நானுந்தான் இந்த வீட்ல குடியிருந்து வேலை செய்யறேன். எனக்கு ஒரு நாள் கஞ்சி ஆத்திக் குடுத்திருப்பீங்களா?"

"நீயும் இதுவும் ஒண்ணா? இது சீமையிலேர்ந்து வந்தது."

அன்று முழுவதும் அவர் வயிறு வண்டிச் சக்கரம் போல் உருண்டது. கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே, "உசிரோட இருக்குது, கேட்டியா?" என்று பூரித்தார். மறுநாளும் ஒரு டம்ளர் குடித்தார்.

இந்த நிலையில் சம்பந்தம் பேசி முடிக்க ஆதிகேசவன் வந்து சேர்ந்தார். வந்தவர் பாட்டிலின் பெருமையைக் கேட்டதும் கல்யாணப் பேச்சையே மறந்துவிட்டார்.

"நூறு வயசா?"

"நூத்தி இருவதுகூடச் சொல்றாங்க. துரைமாருங்க சும்மாவா அப்படி இருக்காங்க?"

"எனக்கும் வவுறு கல்லு மாதிரி இருக்குது சம்பந்தி. ஒரு முழுங்கு குடுங்க."

சம்பந்தி என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்ட பிறகு ராமலிங்கத்தால் மறுக்க முடியுமா? ஆதிகேசவனின் ஒரு முழுங்கில் பாட்டில் பாதி காலி. முகத்தைக் கோணிக்கொண்டு மீசையைத் துடைத்தவர், "கசப்பா இருக்குது. அப்ப நல்ல மருந்துதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஷாப்பிலிருந்து ஆள் வந்தான். துரை காலை மெயிலில் வருகிறாராம்.

பாதிப் பாட்டிலைக் காட்ட முடியாது. ராமலிங்கம் பதறி, அடுப்பில் தளதளவென்று கொதித்த கஞ்சியை அப்படியே பாட்டிலின் கழுத்து வரை ஊற்றினார். பாட்டில் ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகு நுரை இல்லை, குமிழி இல்லை, வாடைகூட இல்லை.

"வீடு இப்பத்தான் வீடா இருக்குது" என்றாள் கோவிந்தம்மாள்.

ராமலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். அவர் வயிறு கடமுடவென்று ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் கூடத்தில் ஆதிகேசவனின் வயிறும் சத்தம் போட்டது. ராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

காலையில் இருவரும் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனார்கள். உத்தியோகம் கைக்கு வருவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுத் தட்டு மாற்றலாம் என்று ஆதிகேசவன் கூடவே வந்திருந்தார். ஆபீஸில் துரையும் பக்கத்தில் கரீம் சாயபுவும் இருந்தார்கள்.

துரை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். கழுத்துச் சிவந்தது. செத்துவிட்டது என்றார்.

இந்தக் கணத்துக்காகவே ராமலிங்கம் வழியெல்லாம் இங்கிலீஷ் கோத்துக்கொண்டு வந்திருந்தார். பாட்டிலில் செத்திருக்கலாம், ஆனால் துரையவர்கள் கவலைப்பட வேண்டாம். உயிரைப் பணயம் வைத்துத் தாமே அவற்றை உட்கொண்டு, இயற்கையான இடத்தில் பத்திரமாக வளர்த்து வருவதாகவும், மேலும் ஒரு பங்கைத் தம் சம்பந்தியிடம் வைத்திருப்பதாகவும், தேவைப்படும்போது சமர்ப்பிக்கச் சித்தமாக இருப்பதாகவும் சொல்லி, வயிற்றைத் தொட்டு வணங்கினார். ஆதிகேசவனும் ஏதோ மரியாதை என்று எண்ணித் தம் வயிற்றைத் தொட்டு வணங்கினார்.

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கரீம் சாயபுவின் பக்கம் திரும்பி இந்துஸ்தானியில் என்னவோ கேட்டுவிட்டு, சன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"துரை இன்னா சொல்றாரு சாயபு?" என்றார் ஆதிகேசவன். "வேலை உறுதிதானே?"

கரீம் சாயபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஊறின தோலை மெத்துனு ஆக்கறதுக்காக, சீமையில நாய்ப் பீயிலேர்ந்து பிரிச்செடுத்த கிருமிங்க அது, இப்ப உங்க ரெண்டு பேர்ல யாரை மொதல்ல தொட்டியில எறக்கறதுன்னு துரை கேக்கறார்."