செலின் அக்காவுக்கு ஆபீஸ் வாசலில் அடியந்திரம்

உலகத்தில் எல்லோரும் வேலை பார்ப்பதற்காகப் பிறந்து, வயதான பிறகு ரிட்டயர் ஆகிறார்கள். எங்கள் தக்கலை கண்டக்டர் அண்ணாச்சி ரிட்டயர் ஆவதற்காகவே பிறந்து, அதுவரை பொழுது போகாமல் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தெருவில் யாராவது 'பென்ஷன்' என்று முணுமுணுத்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய மனைவியே, "அப்படி இங்க ஆரும் இல்லியே" என்று சொல்லிவிடுவார்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வாசலில் விசில் சத்தம். கதவைத் திறந்தால் இவர் நிற்கிறார்.

"டீச்சரே, இனி நம்ம சங்கத்துக்கு நீங்கதான் செக்ரட்டரி."

"எனக்கு முட்டுவலி, அண்ணாச்சி."

"முட்டுவலி இல்லாதவங்கள நாங்க சேக்கதே இல்ல. செரி, ஏறுங்க."

ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படித்தான் வாயில் வரும்.

சங்கம் என்பது தையல்கடை மாடியில் ஒரு அறை. அரசாங்க வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்கள், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், விதவைத் தொகைக்கு நடையாய் நடக்கிறவர்கள் என்று தக்கலை வட்டாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு படியேற முடிந்த எல்லோரும் அதில் உறுப்பினர். படியேற முடியாதவர்கள் கீழே தையல்கடையில் இருந்தபடியே கூட்டத்தில் கலந்துகொள்வார்கள்.

எங்கள் ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்ணாச்சி அதை பஸ்ஸாகவே ஓட்டுவார். ஒரு விசில் அடித்தால் எல்லோரும் நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் நடக்கவேண்டும். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்று நட்டநடு ரோட்டில் கத்துவார். ஒவ்வொரு சாயாக்கடை முன்னாலும் ஒரு விசில். பஸ்ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நடக்க மற்ற மனிதர்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். நாங்கள் காலையில் புறப்பட்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வழியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து மறித்தார்.

"ஏன் நடுரோட்டுல நிக்கிறீங்க?"

"ஸ்டாப்பிங் சார்."

"யோவ், இது என்ன பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா எப்பமே போய்ச் சேந்திருப்பமே சார்!"

கோஷம் போடுவதிலும் தொல்லை இருந்தது. "வழங்கிடு வழங்கிடு, பஞ்சப்படியை வழங்கிடு" என்று நன்றாகத்தான் தொடங்குவார். தொண்டை சூடேறியதும் பழைய பழக்கம் வந்துவிடும். "வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், நாகர்கோயில்!" என்பார். நாங்களும் கையை உயர்த்தி, "வில்லுக்குறி! சுங்கான்கடை!" என்று ஆவேசமாக முழங்குவோம். ஒருமுறை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு எங்கள் ஊர்வலத்தில் சேர்ந்துவிட்டது. அவர்களை இறக்கிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான் ஒருநாள் கடியப்பட்டணம் செலின் அக்கா படியேறி வந்தார்.

செலின் அக்கா ஒரு காலத்தில் தலையில் கூடையோடு தக்கலைச் சந்தைக்கு வந்து மீன் விற்றவர். வந்தது எங்கள் அண்ணாச்சியின் பஸ்ஸில்தான். தினமும் ஒரே சண்டைதான்.

"ஏட்டி சவமே, கூடைய மேல ஏத்து! மீன்வெள்ளம் சொட்டி வெள்ளவேட்டிக்காரனெல்லாம் என்னையல்லவா ஏசுதான்!"

"மேல ஏத்துனா காக்கா கொத்தும். பொறவு ஒனக்க அப்பனா வந்து மீன் தருவான்?"

அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று செலின் அக்கா பஸ்ஸுக்குள்ளேயே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு விரோதம்.

வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "மக்கா, நான் செத்துட்டேனாம்."

எங்களுக்குப் புரியவில்லை.

"உதவித்தொகை வரல்லியேண்ணு ஆபீசுல கேக்கப் போனேன். கம்ப்யூட்டர்ல நான் செத்துட்டதா இருக்காம். கம்ப்யூட்டர் பாக்க அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். 'பாட்டி, நீங்க எறந்துட்டீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ண்ணு மரியாதையாத்தான் சொல்லிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. செலின் அக்காவும் சிரிக்கவில்லை. கணவரைக் கடலில் பறிகொடுத்தவர் அவர். மகனுடைய வீட்டில்தான் இருக்கிறார். அந்தத் தொகையில்தான் ரத்தக்கொதிப்பு மாத்திரை. மிச்சத்தில் மாதம் ஒருநாள் கரைக்குப் போய், பேரம் பேசி, நல்ல மீனாக வாங்கி மருமகள் கையில் கொடுப்பார். அன்று அந்த வீட்டில் அவர் ராணி.

"அது இல்லேண்ணா நான் சும்மா தின்னுட்டுக் கெடக்க கெழவிதானே. பின்னே அந்தக் கம்ப்யூட்டர் சொல்லதுதான் செரி" என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். "இவ செத்தா நான் அறியாம இருப்பனா? நானல்லவா முதல்ல சந்தோஷப்படணும்! வாங்க டீச்சரே."

எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் அங்கே ஒரு மனு நிலுவையில் இருக்கிறது. அதிகாரி வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்த இளைஞர், தன்மையானவர். செலின் அக்காவை உட்காரச் சொன்னார். திரையைப் பார்த்தார், செலின் அக்காவைப் பார்த்தார், மறுபடியும் திரையைத்தான் நம்பினார்.

"அம்மா உயிரோட இருக்காங்கன்னு எனக்கும் தெரியுது. ஆனா ஒருதடவை இறப்புன்னு பதிஞ்சுட்டா, திருப்ப இங்க வழியில்லை. மேல எழுதிக் கேக்கணும்."

"மேலண்ணா, ஆண்டவருட்டயா?" என்றார் செலின் அக்கா.

"இல்லம்மா, சென்னைக்கு."

"அதுக்கு ஆண்டவரு பக்கமாச்சே!"

அண்ணாச்சி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "சார், இவ எண்ணைக்குச் செத்தா?" என்று கேட்டார். அதிகாரி தேதியைச் சொன்னார். அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். "அப்போ வாற வியாழக்கிழமை பதினாறு. வாறோம் சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் ஊரைக் கூட்டி விருந்து போடவேண்டும். அடியந்திரம் என்போம். சாவுக்கு வந்து எட்டிப்பார்க்காதவனும் அடியந்திரத்துக்கு ஆஜராவான். பாயசம் அப்படி.

"செத்ததா ஊருக்குச் சொன்னது ஆரு? அந்த ஆபீஸ். சாவு சொன்ன எடத்துலதானே பதினாறு நடக்கணும்? நடத்தட்டு!" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, செலின் அக்கா கத்தோலிக்க ஆளு. அவங்களுக்குப் பதினாறு கிடையாதே" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?"

செலின் அக்காவின் கவலை வேறாக இருந்தது. "என்னெல்லாம் வெளம்புவிய?"

"பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி, ரசம், ரெண்டு பாயசம்."

"மீன்?"

"ஏட்டி, பதினாறுக்கு ஆராவது மீன் வைப்பாவளா?"

"எனக்க சாவுல மீன் இல்லேண்ணா நான் வரமாட்டேன்."

"நீ வரலேண்ணா பின்னே ஆருக்குட்டீ அடியந்திரம்?"

"எனக்குத் தெரியாது. மீன் இல்லாம நான் சாவ மாட்டேன்."

ஒரு மணி நேரம் போராடி சமாதானம் செய்துவைத்தேன். செலின் அக்கா தூக்குவாளியில் மீன்கறி கொண்டுவருவார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

அழைப்பு அட்டை அடித்தோம். அழைப்பவர் என்ற இடத்தில் அந்த ஆபீஸ். அட்டையைக் கடியப்பட்டணத்திலும் தக்கலைச் சந்தையிலும் வீடுவீடாகக் கொடுத்தது வேறு யாருமில்லை, செலின் அக்காவேதான். "எனக்க அடியந்திரம் மக்கா, குடும்பத்தோட வந்துரணும். வரலேண்ணா மனசுல வச்சிருப்பேன்." இதை மீறி யார்தான் வராமல் இருப்பார்கள்?

வியாழக்கிழமை ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். ஒருவர் தேங்காய் கொண்டுவந்தார், ஒருவர் வாழைக்காய், ஒருவர் வீட்டு அரிசி. அடியந்திரங்களுக்குச் சமைத்தே தலை நரைத்த தவசிப்பிள்ளை ஒருவர் அடுப்பு மூட்டினார். அவியல் வாசனை முதல் மாடிக்கு ஏறியதும் ஊழியர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். அதிகாரி மட்டும் வரவில்லை.

இலை போட்டாயிற்று. முதல் இலையில் செலின் அக்கா, புதுச் சேலையில், செத்தவருக்குரிய கம்பீரத்தோடு. அப்போதுதான் அண்ணாச்சி கையை நீட்டி மறித்தார். வீட்டுக்காரர் வந்து பந்தி பார்க்காமல் விளம்பக்கூடாதாம். அதுதான் முறையாம். வீட்டுக்காரர் என்றால் அதிகாரி.

அங்கேதான் வந்தது வினை. பந்தியில் இருந்தது யார்? பென்ஷன்காரர்கள். இலையைக் கண்டதும் பென்ஷன்காரர்கள் முதலில் என்ன செய்வார்கள்? சாப்பாட்டுக்கு முந்தைய சுகர் மாத்திரையை எடுத்து வாயில் போடுவார்கள். போட்டுவிட்டோம். பந்தி முழுக்கப் போட்டுவிட்டோம். இலையில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, வெளம்பச் சொல்லுங்க, தலை சுத்துது" என்றார் ஒரு ரிட்டயர்ட் தாசில்தார்.

"முறைண்ணு ஒண்ணு உண்டுல்லா?"

"ஓய், முறையைக் கொண்டு உப்பில போடும்!" என்று கத்தியது நான்தான். எனக்கும் கண் இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி மட்டும் மாத்திரை போடவில்லை. அவருக்குச் சுகர் கிடையாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அப்போதுதான் அவருக்கு விபரீதம் உறைத்தது. விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

"சார்! கீழ பந்தி முழுக்க மாத்திரை போட்டாச்சு! நீங்க எறங்கலேண்ணா இன்னும் கொறேப் பேரை கம்ப்யூட்டர்ல ஏத்த வேண்டிவரும். அதெல்லாம் நெசச் சாவாக்கும்!"

பாவம், அந்த அதிகாரிப் பிள்ளை செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தது. தவசிப்பிள்ளை சோற்று வாளியை அதன் கையில் திணித்தார். அப்புறம் என்ன, அதிகாரி வீட்டுக்காரர் மாதிரியே வரிசை வரிசையாக விளம்பத் தொடங்கிவிட்டார். "போதுமா ஐயா? இன்னும் கொஞ்சம் போடவா அம்மா?" தாசில்தாருக்கு முதலில் பாயசத்தையே ஊற்றினார். தாசில்தார் கண்ணைத் திறந்தார்.

செலின் அக்கா மூன்றாம் முறை பாயசம் கேட்டபோது அதிகாரி வாளியோடு அப்படியே நின்று பார்த்தார். செலின் அக்கா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்து ஒரு நெய்மீன் துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தின்னு மக்கா. எலும்பும் தோலுமா இருக்கியே. ஒனக்க அம்ம எங்க?"

"ஊர்ல இருக்காங்க. தனியாத்தான்."

"தெனம் போன் பண்ணுவியா?"

அவர் குனிந்து மீனைத் தின்றார்.

வழியே இல்லாத இடத்தில் அவர் எப்படி வழி கண்டார் என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானத்திலிருந்தே சென்னைக்குப் போன் போட்டபடி இருந்தார் என்று மட்டும் கேள்வி. சில வாரங்களில் பணம் வந்தது. நிலுவையும் சேர்ந்து வந்தது. செத்த செலினை எழுப்ப முடியாததால் புதிதாக ஒரு செலினைப் பதிவு செய்திருந்தார்களாம். இப்போது கம்ப்யூட்டரில் இரண்டு செலின். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் பென்ஷன் வாங்குகிறார். இறந்த செலினுக்கு வருஷாவருஷம் திதி கொடுக்கவேண்டும் என்று அண்ணாச்சி கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். செலின் அக்காவே பாயசத்துக்காக அதை வழிமொழிந்தார்.

ஆனால் ஒன்று கவனித்தேன். 'சவம்' என்ற வசவு அண்ணாச்சியின் வாயில் பிறகு வரவே இல்லை. "அண்ணைக்கு அவ செத்துட்டேண்ணு சொன்னப்போ எனக்குக் கொஞ்சநேரம் ஒண்ணும் கேக்கல்ல டீச்சரே" என்று ஒருநாள் தானாகவே சொன்னார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு புதுக் கிறுக்கு பிடித்தது. விடிந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். "உண்டா?" என்பார். இருக்கிறீர்களா என்று அர்த்தம். "உண்டு" என்று சொல்லவேண்டும். உடனே வைத்துவிடுவார். "அவனுவ நம்மள எண்ணுததுக்கு முன்ன நாமளே எண்ணிக்கிடணும்" என்பது அவர் கொள்கை. மகன் துபாயில் இருக்க, நான் தனியாக இருக்கிறவள். விடியற்காலைத் தூக்கம் எனக்குப் பெரிது. எத்தனையோ நாள் "உண்டு, உண்டு, வையும் ஓய்" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் போன் வரவில்லை. நிம்மதி என்று திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காப்பி போட்டேன், குடிக்கவில்லை. நான் போட்டுப் பார்த்தேன், மணி அடிக்கவே இல்லை. வீட்டுச் செருப்போடு அப்படியே ஆட்டோ பிடித்துப் போனேன்.

முற்றத்தில் சங்கமே நின்றது. தாசில்தார் பனியனோடு நின்றார். கடியப்பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்ட செலின் அக்கா, தலைகூட வாராமல், அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். "போன் வாளி வெள்ளத்துல விழுந்துட்டு, அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். அதுக்கு நான் என்ன செய்யட்டு?" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நானும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்கவேண்டும் என்றுதான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

"உண்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"உண்டு டீச்சரே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.