மீசை கொண்டு வரவும்

கடிதத்தை முழுதாகப் படிக்காத மனிதர்கள் மீது எனக்கு இருக்கும் கோபம் ஐம்பது ஆண்டுகளாகியும் தணியவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் ஒழுங்காக எழுதி நீட்டுவேன். எதிரே இருப்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே "என்ன விஷயம் சார்?" என்பார். ஆனால் ஒரேயொரு தபால் கார்டு விவகாரத்தில் மட்டும் படித்தவர்களைவிட எழுதியவன்தான் பெரிய முட்டாள். எழுதியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் கல்லூரி இறுதியாண்டு. என் நண்பன் வயிரவனுக்குச் சினிமாப் பைத்தியம். சென்னைக்குப் போய்ப் படமெடுக்கப் படிக்க வேண்டும் என்பான். அவன் அப்பச்சிக்கோ (அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) புதுவயலில் அரிசி மில். மகன் அங்கே உட்கார வேண்டும். ஆறு மாதச் சண்டைக்குப் பிறகு அவர் இறங்கி வந்தார்.

"ஒரு படத்த எடுத்துக் காட்டு. பாக்குற மாதிரி இருந்தா மெட்ராசு. இல்லாட்டி மில்லு."

பினாங்கிலிருந்து வந்திருந்த வயிரவனின் தாய்மாமனிடம் ஒரு சின்ன மூவி கேமரா இருந்தது. சுருள் ஒன்றே ஒன்று. அவர் ஒரு திங்கட்கிழமை கப்பலேறக் கிளம்புகிறார்; அதற்கு முந்தின நாள் மட்டும் கேமராவைத் தருவதாகச் சொன்னார். ஆக, எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளுக்கு மூன்று வாரம் திட்டம் போட்டோம்.

கதை மர்மக் கதை. நாற்பது ஆண்டுகளுக்கு முன், பர்மாவிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் பூட்டிய வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். கூடி அழும் பங்காளிகளில் ஒருவன் கொலைகாரன். எல்லாமே அந்தக் காலத்துப்படி இருக்க வேண்டும் என்று வயிரவன் பிடிவாதம் பிடித்தான். மின்விசிறியைக் கழற்றினோம். பிளாஸ்டிக் வாளியை ஒளித்தோம். "நம்ம காலத்து வாசனையே வரக்கூடாதுடா" என்றான். கறுப்பு வெள்ளைப் படத்தில் வாசனை எப்படி வரும் என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நிர்வாகம் என் பொறுப்பு. கடுக்கனுக்கு ஒரு பட்டியல், கைத்தடிக்கு ஒரு பட்டியல், நடிகர்கள் கைக்கடிகாரத்தை ஒப்படைக்க ஒரு படிவம், மூன்று நகல்களில். (அப்போதே நான் அப்படித்தான். அறைந்திருக்க வேண்டியவர்கள் சும்மா விட்டுவிட்டார்கள்.)

பிணமாக நடிக்க அப்பச்சியையே சம்மதிக்க வைத்தான் வயிரவன். "தன் மொகம் வர்ற படத்த எவரும் மோசம்னு சொல்ல மாட்டாகடா" என்றான். பங்காளிகளாக நடிக்க, உடுப்பும் நகையும் வைத்திருக்கும் நிஜப் பங்காளி வீட்டுப் பையன்களே வேண்டும். மானகிரியிலும் பக்கத்து ஊர்களிலுமாகப் பதினோரு பேர். "நேர்ல சொல்லிட்டேன். நீ நேரத்த மட்டும் கார்டுல எழுதிப் போடு" என்றான். அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மேலே வயிரவன் வீட்டு முகவரியைப் போட்டு நான் எழுதினேன்: "செட்டியார் இறந்து கிடக்கிறார். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் அவசியம் வந்து சேரவும். மற்றவை நேரில். குறிப்பு: மீசை கொண்டு வரவும்."

எழுதி முடித்ததும் எனக்குள்ளிருந்த அதிகாரி விழித்துக்கொண்டான். நல்ல காரியக் கடிதத்துக்கு முனையில் மஞ்சள் தடவுவது முறை. கொலை நல்ல காரியமல்ல. ஆகவே கறுப்பு. பதினோரு கார்டுகளின் நான்கு முனைகளிலும் கறுப்பு மையைத் தடவினேன். கறுப்பு தடவினால் சாவுச் செய்தி என்பதும், அதை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கதையிலும் சாவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கார்டுகள் சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தன.

ஞாயிறு காலை. வயிரவன் வீட்டு நடுமுற்றத்தில் நல்ல வெயில். பலகையில் அப்பச்சி, மூக்கில் பஞ்சோடு.

"என்ன ஆனாலும் அசையக் கூடாது அப்பச்சி. சுருள் ஒண்ணுதான் இருக்கு."

"அசைஞ்சா நான் பொணமாடா? போய் வேலையப் பாரு."

ஏழே முக்காலுக்கு வாசலில் இரண்டு கார்களும் ஒரு மாட்டு வண்டியும் நின்றன. முதலில் ஓடி வந்தவர் அப்பச்சியின் தமக்கை, மானகிரி ஆச்சி. தலைமுடி அவிழ, அப்படியே தம்பி மேல் விழுந்தார்.

"ஏந்தம்பி, எனக்கு முன்னால போயிட்டியே. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே."

வயிரவன் கேமராவை ஓடவிட்டான். "என்னா நடிப்புடா" என்று என் காதில் சொன்னான். பதினோரு பேர் வர வேண்டிய இடத்தில் முப்பது பேர் வந்ததில் எனக்கு எரிச்சல். ஒருவர்கூட மீசை கொண்டு வராததைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன்.

அப்பச்சி அசையவில்லை. தமக்கையின் கண்ணீர் முகத்தில் சொட்டியும் அசையவில்லை. அப்போது தலைமாட்டில் நின்ற பங்காளிகள் இருவர் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

"நகைநட்டு இருக்க மேற்கு அறைச் சாவி யாருகிட்ட இருக்கு? இப்பவே கேட்டு வாங்கிறணும்."

"மொதல்ல தூக்கட்டும்யா."

"தூக்குனப்பறம் அந்தப் பய தருவானா?"

பிணத்தின் மூக்கிலிருந்து பஞ்சு பறந்தது. அப்பச்சி எழுந்து உட்கார்ந்தார்.

"சாவி என் இடுப்புலதான் இருக்கு. எடுத்துக்கிறீகளா?"

ஆச்சி மயங்கி விழுந்தார். தெளிந்ததும் விவரம் கேட்டு, நேரே வந்து என்னை அறைந்தார்.

"கார்டுல தெளிவா எழுதியிருக்கேன் ஆச்சி. கடைசி வரியப் பாருங்க."

"சாவுக் கார்ட எவன்டா வச்சிருப்பான்? கிழிச்சுப் போட்டாச்சு."

"முழுசாப் படிச்சீகளா?"

"மொத வரி போதாதாடா?"

அப்பச்சி தலை முழுகிவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, "உசுரோட இருக்கவனுக்குக் கருப்பு தடவுனவன் இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். மகன் கையிலிருந்து கேமராவை வாங்கி, சுருளை உருவி வெயிலில் எறிந்தார். வயிரவன் மெல்ல, "அப்ப மெட்ராசு?" என்று கேட்டான்.

"படத்தத்தான் படுத்துக்கிட்டே பாத்துட்டேனே. நாளைக்குக் காலையில மில்லுக்கு வா."

வயிரவன் போனான். இன்றும் அந்த மில்லில்தான் இருக்கிறான். அவன் என்னைத் திட்டியதே இல்லை; அதற்கும் சேர்த்து நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பழியை வேறு வழியில் தீர்த்துக்கொண்டான். என் கல்யாணத்தன்றே மணப்பெண்ணிடம் கதை முழுவதையும் சொல்லித் தொலைத்தான்.

அன்றிலிருந்து நான் எழுதும் எந்தக் காகிதமும், என் மனைவி மஞ்சள் தடவாமல், வீட்டை விட்டு வெளியே போவதில்லை. குடிநீர் வரவில்லை என்று நகராட்சிக்கு எழுதிய புகாருக்கும் மஞ்சள். ஓய்வூதியத்துக்காக நான் இன்னும் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் கொடுக்கும் சான்றுக்கு நான்கு முனையிலும் மஞ்சள், நடுவில் ஒரு பொட்டு. போன முறை அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த எழுத்தர் அதைக் கையில் வாங்கி, முனையை மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுல என்ன சார் விசேஷம்?"

நான் சாகவில்லை என்பதுதான் விசேஷம். சான்றில் அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.