வலது பக்கம் திரும்ப ஒரு கை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். என் முழங்கையில் கொஞ்சம் தோலும், காலில் ஒரு செருப்பும்தான் குறைகின்றன. தோல் வளர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். செருப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வேனைக் கொண்டுவந்து என் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்விடு. நீ வெகுநாளாகக் கேட்டதுதான்.

நேற்று மருந்துக் கடைக்குப் போனேன். ஓரமாக நின்ற காரை நான் கடக்கும் நேரம் பார்த்து ஒரு கனவான் கதவைத் திறக்க, நான் ஒதுங்க, ஒதுங்கிய இடத்தில் ஒரு கொத்தனார் அப்போதுதான் நடைபாதைக்கு சிமென்ட் பூசி முடித்திருக்க, அதில் முன்சக்கரம் இறங்க, அதன் பின்னாலேயே நானும் இறங்க, கொத்தனார் கதவைத் திறந்தவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். கனவானோ போனில் பேசிக்கொண்டே, ஒரு நிமிஷம் என்று எனக்கு விரலைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. செருப்பு சிமென்டோடு இறுகிவிட்டது. திரும்பும்போது சிக்னலில் எனக்குப் பின்னால் நின்றவன், சிவப்பு விளக்கு எரியும்போதே ஹார்னில் கையை வைத்தான். ஏதோ தலைபோகிற அவசரம் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அடுத்த திருப்பத்தில் பார்த்தால், பேக்கரி வாசலில் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு பன் தின்றுகொண்டிருக்கிறான். ஆயுசில் பாதியை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தே கழித்தவன் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் பார்வையில் கோளாறு கிடையாது. அட்டையில் கடைசி வரிவரை படிப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவன் மட்டும் தெரியமாட்டான்.

நம் வண்டியில் இண்டிகேட்டர் என்றைக்கு வேலை செய்தது? வாங்கிய மாதமே போயிற்று. மெக்கானிக் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அம்மாதான் நல்லா கை காட்டுறாங்களே சார், அப்புறம் இது எதுக்கு?" என்றார். ஆக, உன் அக்கா இண்டிகேட்டர். சின்னப் பையனாக டாங்கின் மேல் உட்கார்ந்து வாயாலேயே பாம் பாம் என்று ஊரைக் கூட்டிய நீ ஹார்ன். அவள் வளையல் குலுங்க வலது கையை நீட்டினால் லாரிகூட நிற்கும். யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் திரும்பி, "ஏங்க, அடுப்புல பால் வச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்பாள். ஒரு லாரிக்காரர், இல்லம்மா, நீங்க பாத்துப் போங்க என்று மரியாதையாகப் பதில் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் அவசரக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் ஜன்னலை இறக்கிவிட்டிருந்தார்கள், திட்டினால் காதில் விழுந்தது.

அப்புறம்தான் ஒருநாள், ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போயிற்று. வளையல் உடைந்தது. கார் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் பின்சீட்டில் ஏறுவதில்லை. பயந்துவிட்டாள், பாவம். எங்கே போவதானாலும் அவள் பஸ்ஸில், நான் வண்டியில். போய்ச் சேர்ந்த இடத்தில் விருந்தாளிகள் மாதிரி சந்தித்துக்கொள்கிறோம். வண்டி போவதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை மாப்பிள்ளை. வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தப் பேச்சு இல்லாமல் எனக்கு ஓட்டவே பிடிக்கவில்லை. அவள் இனி ஏறமாட்டாள் என்றால் அது வாசலில் நின்று என்ன ஆகப்போகிறது? கொண்டுபோய்விடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். ரோட்டைக் கடக்கும்போது பச்சை விளக்கை மட்டும் நம்பாதே.

இப்படிக்கு,
ஞாயிறு முதல் நடந்தே போகப்போகும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிப் போயிருந்தேன். அதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். சிமென்டில் நான் இறங்கிய இடத்தில் நன்றாகச் சிரித்தாள். 'பயந்துவிட்டாள், பாவம்' என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு பயந்தா? இவ்ளோ பெரிய கை அவன் கண்ணுக்குத் தெரியலையேன்னு கோவம்" என்றாள். இப்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறையை வலது கையில் முழங்கை வரை மாட்டிக்கொண்டு, வண்டிப் பக்கத்தில் நிற்கிறாள். தபால் பெட்டிக்கு வலது பக்கம்தான் திரும்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. வேன் வேண்டாம். இண்டிகேட்டர் சரியாகிவிட்டது, ஹார்ன்தான் இன்னும் வரவில்லை.