பதினான்கு முட்டைகளின் பொருட்டு மச்சானுக்கு

கிழக்குத் தாம்பரம்
24.7.2008

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் ஞானையா அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை வேதசிரோமணி பயத்தோடும் பணிவோடும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சுகிர்தமும் சரீரத்தில் சுகம். பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக் கட்டட வேலையில் மேல்தளம் போட்டாகிவிட்டதா? போனில் பேசலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

மச்சான், நேற்றோடு இருபத்தொரு நாள் முடிந்தது. முட்டை ஒன்றும் பொரிக்கவில்லை.

இதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டம்மா, மறைந்த அக்கா, தன் கையால் தீனி போட்டு வளர்த்த கடைசிக் கோழி அது என்பதும், அது லாரியில் அடிபட்ட பிறகு மிஞ்சியவை இந்தப் பதினான்கு முட்டைகள்தான் என்பதும் எனக்குத் தெரியாதா? நீங்களே தெர்மோகோலில் பெட்டி செய்து, பல்பு மாட்டி, "நூறு டிகிரி பாரன்ஹீட், கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, என்னை நம்பி ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினீர்கள். அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. முட்டைகளின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் வட்டமும் பென்சிலால் போட்டு, தினம் மூன்று வேளை ஜெபம் பண்ணிவிட்டுத் திருப்பி வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்து உள்ளே நரம்பு ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். ஓடாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பார்க்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் கை தவறிப் பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டரை உடைத்துவிட்டேன். அவசரத்துக்கு வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இருந்ததே என்று அதை வைத்தேன். பத்து நிமிஷத்தில் நூற்று நாலு. பல்பை அணைத்தேன், நூற்று நாலு. மூடியைத் திறந்து விசிறினேன், நூற்று நாலு. ஃபேனைப் போட்டு, ஈரத்துணியை மேலே கட்டி, மூன்று மணி நேரம் போராடியும் பாதரசம் அசையவில்லை. உள்ளே பதினான்கும் வெந்துகொண்டிருக்கிறதென்று நான் அழுகிற சத்தம் கேட்டு எதிர் வீட்டு நர்ஸ் தீபா வந்தாள். தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், இதை உதறினாத்தான் இறங்கும். நீங்க உதறவே இல்லையா?"

முட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது போலச் சில்லிட்டிருந்தது.

அதுவாவது என் தப்பு, அடுத்தது கரண்ட்காரன் தப்பு. பன்னிரண்டாம் நாளிலிருந்து எங்கள் தெருவில் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை கரண்ட் கட். என்னோடு காலேஜ் லைப்ரரியில் வேலை பார்த்த கேசவன் செம்பாக்கத்தில் இருக்கிறான், அவனுக்குக் காலையிலேயே கட் முடிந்துவிடுகிறது என்றான். சரி, ரெண்டு மணி நேரம் அங்கே கொண்டுபோய்ச் சொருகி வைப்போம்னு பெட்டியைக் கம்பளியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவில ஏறிட்டேன். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று கெஞ்சினேன்.

"பொட்டில இன்னா சார் கீது?"

"முட்டைப்பா. அடை வச்சது."

அவன் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ சொல்ற ஸ்பீடுல போனா குஞ்சு வெளிய வந்து, அதுவே நடந்து போய்க்கினு இருக்கும் சார்."

கேசவன் வீட்டில் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. ஸ்தோத்திரம் என்று வாயெடுத்தேன், அணைந்துவிட்டது. "இன்னிலேருந்து எங்க ஏரியாவுக்கு நேரத்தை மாத்திட்டான் போலருக்கே, வேதா" என்று கேசவன் சாவகாசமாகச் சொல்கிறான். வெந்நீர்ப் பையும் அவன் மனைவியின் ஸ்வெட்டரும் வாங்கிப் பெட்டியில் அடைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலு மணி வரை அவன் ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

பதினேழாம் நாள் ஈரப்பதத்துக்கு வைத்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது பல்பின் மேல் தெறித்து, பல்பு வெடித்து, வீடு முழுக்க ஃபியூஸ் போனது. எனக்கு ஷாக் அடித்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. நேற்று பெட்டியில் காதை வைத்தேன். டிக் டிக் என்று கேட்டது. ஓட்டைக் கொத்துகிறதென்று சுகிர்தத்தைக் கூப்பிட்டு ரெண்டு பேரும் முழங்காலில் நின்றோம். எழுந்து பார்த்தால் என் கைக்கடிகாரம்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது நான் வீட்டில்தான் இருப்பேன், ஓடிப்போக மாட்டேன். அக்காவின் கோழி வம்சத்தை அழித்த பாவி நான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். சுகிர்தத்தை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள், அவள் இதில் விரலைக்கூட வைக்கவில்லை. உங்கள் பிரயாணத்திலும் உங்கள் கோபத்திலும் ஆண்டவர் கூட இருப்பாராக.

இப்படிக்கு,
குற்றமுள்ள மனதோடு,
வேதசிரோமணி

பின்குறிப்பு: அன்புள்ள அண்ணனுக்கு, சுகிர்தம் எழுதுவது. தபால்தலை ஒட்டச் சொல்லி இதை என்னிடம் கொடுத்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார். படித்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

நீங்கள் ஊருக்குப் போன அன்று இவர் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். பெட்டிக்குக் கீழே பெருக்கலாமென்று தூக்கினேன். கை நழுவிவிட்டது. பன்னிரண்டு உடைந்துபோனது அண்ணா. ரெண்டுதான் தப்பியது. உங்களுக்குப் பயந்து, முக்குக் கடையில் பழுப்பு முட்டையாகப் பார்த்துப் பன்னிரண்டு வாங்கி, இவர் போட்டிருந்த மாதிரியே பெருக்கலும் வட்டமும் போட்டு அடுக்கிவிட்டேன். அது பண்ணை முட்டை, எந்தக் காலத்திலும் பொரிக்காது. இவரிடம் சொல்லலாமென்று போகும்போதெல்லாம் பெட்டி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருப்பார். ஆட்டோவில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனதும் அந்தக் கடை முட்டைகளைத்தான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

கவரை ஒட்டப் போன சமயம் பெட்டியில் கீச்சென்று சத்தம். திறந்து பார்த்தேன். நம்முடைய ரெண்டில் ஒன்று ஓட்டை உடைத்து மூக்கை நீட்டியிருக்கிறது. மதினியின் கோழிக்கு இருந்த மாதிரியே கறுத்த மூக்கு. இன்னொன்றிலும் கீறல் விழுந்திருக்கிறது.

இவரை எழுப்பப் போகிறேன். முதலில் குஞ்சைக் காட்டுகிறேன். அவர் அழுது முடித்த பிறகு மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம்.