ஏழு மணி மேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, உன் மருமகள் மூவரும் சுகம். அங்கே நீயும், மாமாவும், மாமாவின் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறைக்கு நீ வருவதற்குள் ஒரு விஷயம் சொல்லி, ஒரு உதவி கேட்க வேண்டும். முதலில் திட்டிவிடு, பிறகு படி. இரண்டு பேருக்கும் வேலை மிச்சம்.

நான் சலவைக் கம்பெனியில் பாய்லர் பார்ப்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, ஓட்டல் விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். தினமும் காலை ஏழு மணிக்கு முதல் ஆவியைக் கூரைக் குழாய் வழியாகத் திறந்துவிடுவேன். நம் வீட்டு ஜன்னலில் நின்று பல் துலக்கினால் தெரியும். வெள்ளையாக உப்பி, எந்த அவசரமும் இல்லாமல் கிளம்பிப் போகும். பாப்பா நாலு வயதில், "நீ என்ன வேலைப்பா பாக்கறே?" என்று கேட்டாள். வால்வு, பிரஷர் என்றால் குழந்தைக்கு என்ன புரியும்? எனக்கே பாதிதான் புரியும். "மேகம் பண்றேம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம், "இன்னிக்கு மேகம் நல்லா வந்துச்சுப்பா" என்று பாராட்டுவாள். ஊரில் வேறு யார் என் வேலையைப் பாராட்டுகிறார்கள்? விட்டுவிட்டேன். இப்போது மூன்றாம் வகுப்பு, இன்னும் நம்புகிறாள்.

அவளுடைய டீச்சருக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் பாடம். எடைப் பாடம் நடத்தக் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனார், ஒரு குழந்தை தராசிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. போன வாரப் பாடம் மேகமும் மழையும். "யாராவது மேகத்தைப் பக்கத்துல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நம்முடையது எழுந்து நின்று, "எங்கப்பா தினமும் பண்றாரு மிஸ்" என்றதாம். வகுப்பே சிரித்திருக்கிறது. "வேணும்னா வந்து பாருங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இருபத்து மூன்று குழந்தைகளுடன் வருகிறோம் என்று டீச்சரின் சீட்டு வந்தது. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "பாய்லர் முன்னாடி போட்டிருக்கற மஞ்சக் கோட்டைத் தாண்டி ஒரு குழந்தை உள்ள வந்துச்சு, நீ வெளிய போயிடுவே" என்றார். நான் கவலைப்பட்டது அதற்கல்ல. பிள்ளை பொய் சொன்னவளாகிவிடக் கூடாதே என்றுதான்.

வந்தார்கள். முற்றத்தில் வரிசையாக நின்று, இருபத்து மூன்று முகமும் அண்ணாந்து கூரையைப் பார்த்தன. நான் முழுக்கை சட்டை, இஸ்திரி போட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை பேர் என்னைப் பார்த்து நின்றதில்லை. வால்வைத் திறந்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது, மேகம் வரவில்லை. குழாய் வாயில் ஒரு ஜாண் வெள்ளை, அதற்கு மேல் வெறும் நீலம். அக்கா, இத்தனை வருஷத்தில் நான் காலை ஏழு மணிக்கு மட்டும்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். குளிரில் உப்புகிற ஆவி பதினோரு மணி வெயிலில் கரைந்துவிடும் என்று தெரியவே தெரியாது. முன் பல் இல்லாத ஒரு பெண் குழந்தை, "அங்கிள், மேகம் எங்க?" என்றது. இன்னொன்று, "லீவு போல" என்றது. பாப்பா என்னைப் பார்த்தாள். அவளைப் பார்க்க முடியாமல் நான் வால்வைப் பார்த்தேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. "வெயில் வந்துட்டா மேகம் கீழ இறங்கிடும். பின்னாடி இருக்கு, வாங்க." பின்முற்றத்தில் அன்றைக்குத்தான் எட்டு வரிசையில் பெரிய விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் எல்லாம் உப்பி எழுந்து, மெதுவாக மூச்சு விடுவதுபோல் அடங்கின. குழந்தைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் மறைந்தார்கள். முதலில் சிரிப்புச் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. கையால் தொட்டுக்கொண்டே நடக்கிறார்கள் என்று துணி அசைவதில்தான் தெரிந்தது. "குளுகுளுன்னு இருக்குடி" என்று எங்கிருந்தோ ஒரு குரல். டீச்சர் பயந்துபோய் எண்ணச் சொன்னார். தலை தெரியவில்லை, பாதங்களை எண்ணினேன். நாற்பத்தாறு இருக்க வேண்டும், நாற்பத்தெட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். அதில் இரண்டு பாலிஷ் போட்ட ஷூ. மேனேஜர். அவரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்கு முப்பது விரிப்பில் கைத்தடம். எல்லாவற்றையும் மறுபடி வெளுத்தோம்.

இப்போது உதவி. பாப்பா பெருமையாக மேகக் கதையைச் சொல்வாள். நீ உண்மை விளம்பி, "அது வெறும் ஆவிடி" என்று உடைத்துவிடாதே. இன்னும் ஒரு வருஷமாவது நம்பட்டும். மாமாவுக்கு என் வணக்கம். உன் கையால் நாலு குட்டும் ஆசீர்வாதமும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி

பின்குறிப்பு: என் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது பாப்பாதான் என்பதை மறந்து, கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டேன். உறையில் போடும்போது பார்க்கிறேன், பதினோரு இடத்தில் சிவப்புப் பென்சில். பின்பக்கம் அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அத்தை, அது ஆவின்னு எனக்கு ரெண்டாங்கிளாஸ்லயே தெரியும். அப்பா ஆசையா சொல்றாரு, அதான் கேட்டுக்கறேன். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் இதைப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் நீ சொல்லிவிடாதே அக்கா. நாளைக் காலை ஏழு மணிக்கு வால்வைத் திறக்க வேண்டும்.