அம்மித் தரகர் விற்ற மூன்று வீடுகள்

சுதந்திரத்துக்குப் பிறகு திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கைமாறிய வீடுகளில் பாதியை விற்றவர் அம்மித் தரகர். மற்றப் பாதி இன்னும் வழக்கில் கிடக்கிறது.

மனிதருக்கு எழுத்தில் நம்பிக்கை கிடையாது. உடன்படிக்கை, முற்பணம், சாட்சிக் கையெழுத்து எல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. “கடதாசியைக் கிழிக்க ரெண்டு விரல் காணும் தம்பி. அம்மியைத் திருப்பித் தூக்க ரெண்டு ஆள் வேணும்” என்பார். விலை பேசி முடிந்த அன்றே வாங்குகிறவரின் அம்மியைக் கைவண்டியில் ஏற்றி, விற்கிறவரின் குசினியில் இறக்கிவிடுவார். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்வரை அது அங்கேதான். வாங்குகிறவர் வீட்டில் தேங்காய்ச் சம்பல் அரைக்க வழியில்லை. விற்கிறவர் குசினியில் வேறொருத்தியின் கல் காலில் இடறும். இரண்டு வீட்டுப் பெண்களும் கொடுக்கிற ஆக்கினையில் ஆண்கள் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வைத்துவிடுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகத்தில் கிளாக்கர். அன்புவழிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம், எங்களை எழும்பச் சொல்லிவிட்டார். என் மனைவிக்கோ பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. அம்மித் தரகரிடம் போனேன். ஒரு வீடு கேட்டவனை மூன்று வீட்டில் மாட்டிவிட்டார்.

நான் வாங்க இருந்தது ஒரு வாத்தியாரின் வீடு. சுங்கத்தில் வேலைசெய்த ஐயாவின் வீடு கிடைத்தால்தான் வாத்தியார் எழும்புவார். கடற்கரைப் பக்கத்து ஹாஜியாரின் வீடு கிடைத்தால்தான் சுங்கத்து ஐயா எழும்புவார். ஹாஜியார் மூதூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். மூன்று உறுதியும் ஒரே காலையில் என்று ஏற்பாடு.

ஒரே பின்னேரத்தில் மூன்று அம்மிகள் கைவண்டியில் போயின. சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.

“என்ன இது, அம்மி ஊர்வலமோ?”

“இல்லை ஐயா, உறுதி போகுது” என்றார் தரகர், பயபக்தியோடு.

வாத்தியாரின் மனைவி அடுத்த நாளே தரகரைப் பிடித்துக்கொண்டார். “எங்கட அம்மி அங்க, அவையின்ர அம்மி இங்க. நான் எதில அரைக்கிறது?”

“அவையின்ர கல்லில அரையுங்கோவன்.”

“சீ! வேற பொம்பிளை அரைச்ச கல்லிலயோ?”

இதெல்லாம் தரகருக்கு நல்ல சகுனம். கெட்ட சகுனம் உறுதிக்கு முதல்நாள் விடிய ஹாஜியார் உருவத்தில் வந்தது. “வீட்டுக்காரி எங்கட சொந்த அம்மியைத் தூக்க விடுறா இல்ல. மூதூருக்கு வர ஏலாதாம்.” வீடு அந்தம்மாவின் சீதனம். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் மூன்று விற்பனையும் போச்சு. என் பிள்ளை தெருவில்தான் பிறக்கும் போலிருந்தது. தரகரோடு நானும் ஓடினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியார் மனைவி சொன்னார்: “மருமகள்ர குசினியில நான் விருந்தாளி மாதிரிக் குந்தி இருக்கிறதோ?”

தரகர் திரைக்கு இந்தப் பக்கம் குந்தினார். “நீங்க வர வேணாம் ராத்தா. அம்மியை மட்டும் தாங்க. அது போய் இடத்தைப் பார்த்திட்டு வரட்டும்.”

உள்ளே சிரிப்பு வந்தது. அம்மியும் வந்தது.

துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் தரகருக்குக் கடல் என்றால் உயிர்ப்பயம். குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில் அம்மியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

“தம்பி, லோஞ்சு மூழ்கினால் இது மிதக்குமோ?”

“மிதக்காது அண்ணை.”

“அப்ப நான் ஏன் இதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்?” என்றார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மூதூரில் மருமகள் எல்லாக் கதையையும் கேட்டாள். பிறகு தன் அம்மியைப் பின்வளவுக்குத் தள்ளுவித்து, அது இருந்த இடத்தில் மாமியின் அம்மியை வைப்பித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களோடு திரும்புகிற அதே லோஞ்சில் ஏறி மாமி வீட்டுக்கு வந்தாள்.

“மாமி, உங்கட அம்மி வந்திட்டு. என்ர கல்லை நான் வெளிய போட்டுட்டன். நீங்க வராட்டி நாளைக்கு எங்கட வீட்ட சம்பல் இல்ல” என்றாள்.

மாமி அழுதார். திடீரென்று அழுகையை நிறுத்தி, “குழவி எங்க? குழவியை இங்க விட்டுட்டு அம்மியை மட்டும் கொண்டு போயிருக்கான், மடையன்!” என்று தரகரைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த நாள் நொத்தாரிசின் முன்னால் மாமி குழவியை மடியில் வைத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் சுங்கத்து ஐயா, அவருக்குப் பின்னால் வாத்தியார். மத்தியானத்துக்குள் எனக்கு வீடு இருந்தது. சந்தோசத்தில் நான் தரகரைக் கட்டிப்பிடித்தேன். அவர் லோஞ்சு ஞாபகத்தில் பயந்துபோய் உதறிவிட்டார்.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்க வந்த தரகரிடம் என் மனைவி கேட்டாள்: “அண்ணை, உங்கட அம்மி எங்க இருக்கு?”

“எனக்கேது பிள்ளை அம்மி? கடையில சாப்பாடு, லொட்ஜில கட்டில்.”

ஊரையே குடியேற்றின மனிதர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மனைவியால் சிரிக்க முடியவில்லை. “இனி ஞாயிறெண்டா இங்கதான் சாப்பாடு” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். கடைசிவரை அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

இப்போது அவர் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சம்பல் ஒரு ஆளுக்குக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அதை முடிக்க நான் இரண்டாம்முறை சோறு போட்டுக்கொள்கிறேன்.